கடைக்காரரே டிவி கம்பெனியையும் வாங்கிவிட்டால், நாம் பார்ப்பதெல்லாம் யாருக்குப் போகிறது?

டல்லாஸ்வாசி:
வணக்கம். போன வருடம் இங்கே ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு ஸ்மார்ட் டிவி வாங்கினோம். மூன்று மாதமாக அம்மா மதுரையிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். சர்க்கரைக்காரர்களுக்கான சமையல், காலில் புண் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி, இந்த மாதிரி வீடியோக்கள்தான் நாள் முழுவதும் ஓடும், அதுவும் டிவியிலேயே இருக்கும் ஆப்பில் இல்லை, டிவிக்குப் பின்னால் எச்டிஎம்ஐ என்ற இணைப்புத் துளையில் தனியாகச் சொருகிய, இணையத்தில் வீடியோ பார்க்கும் ஸ்டிக்கில். இப்போது டிவியின் முகப்புத் திரையில் சர்க்கரை நோய்க்கான பொருட்கள் விளம்பரமாக வருகின்றன. அதே கடையின் ஆப்பை என் போனில் திறந்தாலும் அதேதான். அம்மாவின் நோய் பற்றி நான் எங்கேயும் பதிவு செய்யவில்லை. இது தற்செயலா, இல்லை டிவி உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறதா? ஹாலுக்கு இன்னொரு டிவி வாங்க வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.

நியூஜெர்சி_குமரன்:
உங்கள் வீட்டில் நடந்ததற்கு அதுதான் காரணமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அப்படிச் செய்யும் வசதி டிவிக்குள் இருக்கிறது, அதன் பெயர் ஏசிஆர். திரையில் ஓடும் படத்தின் சிறு அடையாளங்களை எடுத்து சர்வருக்கு அனுப்பும், அங்கே இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். படம் எங்கிருந்து வருகிறது என்பது அதற்குப் பொருட்டில்லை. 2024இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளர்களும் வேறு சிலரும் சாம்சங், எல்ஜி டிவிகளைச் சோதித்தபோது, எச்டிஎம்ஐ வழியாக இணைத்து வெறும் திரையாகப் பயன்படுத்தும்போதும் இது வேலை செய்வதைப் பார்த்தார்கள்.

விசியோ என்ற டிவி கம்பெனியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசியும் எங்கள் நியூஜெர்சி அரசும் போட்ட வழக்கில் அந்தக் கம்பெனி 22 லட்சம் டாலர் கட்டியது. 1 கோடியே 10 லட்சம் டிவிகளில், வீட்டுக்காரருக்குத் தெரியாமல், நொடிக்கு நொடி என்ன ஓடுகிறது என்று எடுத்து, அதோடு வயது, வருமானம், திருமணம் ஆனவரா, சொந்த வீடா என்பதெல்லாம் சேர்க்க வழி செய்து விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. அதன்பிறகு வெளிப்படையாகச் சம்மதம் கேட்க வேண்டும் என்று ஆனது. அதே விசியோவைத்தான் பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனியான வால்மார்ட் 2024 டிசம்பரில் வாங்கி முடித்தது, சுமார் 230 கோடி டாலருக்கு. டிவி விற்பதற்காக மட்டும் அல்ல, தன் விளம்பரத் தொழிலை வளர்ப்பதற்காக என்று அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். டிவி கம்பெனிக்கு நீங்கள் பார்த்தது மட்டும்தான் தெரியும். கடைக்கு நீங்கள் வாங்கியதும் தெரியும். இரண்டும் ஒரே கையில் வந்தால், இந்த வீட்டில் இந்த சோப்பு விளம்பரம் ஓடியது, ஒரு வாரத்தில் அந்த சோப்பை வாங்கினார்கள் என்று சோப்பு கம்பெனியிடம் கணக்குக் காட்டலாம். அந்தக் கணக்குக்குத்தான் இவ்வளவு விலை.

செல்வி_ஆஸ்டின்:
முதலில் அணைத்துவிடுங்கள் சகோ, மீதியை அப்புறம் பேசலாம். விசியோவில் அமைப்புகளுக்குள் 'வியூயிங் டேட்டா', எல்ஜியில் 'லைவ் பிளஸ்', சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', ரோகுவில் 'யூஸ் இன்ஃபோ ஃப்ரம் டிவி இன்புட்ஸ்'. மாடலுக்கு மாடல் இடம் மாறும், கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். குமரன் சொன்ன அதே ஆய்வில், அணைத்த பிறகு ஏசிஆர் தகவல் போவது நின்றுவிட்டது என்றும் இருக்கிறது, அதனால் பயனில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஆனால் எந்த ஆப்பை எப்போது திறந்தீர்கள், எந்த விளம்பரத்தை அழுத்தினீர்கள் என்பது வேறு வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கும். முழுவதுமாக நிற்க வேண்டும் என்றால் டிவிக்கு வைஃபை கடவுச்சொல்லையே கொடுக்காதீர்கள்.

பழைய_கணக்காளர்:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். 2021இன் மூன்றாம் காலாண்டில் விசியோவுக்கு டிவி விற்றதில் கிடைத்த மொத்த லாபத்தைவிட விளம்பரமும் தகவலும் சேர்ந்த பிரிவில் இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. நமக்கு டிவி இந்த விலைக்குக் கிடைப்பதே அதனால்தான். ஊரில் மளிகைக் கடை அண்ணாச்சிக்கு நம் வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று தெரியாதா? வெல்லம் வாங்குவதை நிறுத்தினாலே கேட்பார். எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை.

செல்வி_ஆஸ்டின்:
ஐயா, அண்ணாச்சி கேட்பது அக்கறையில், அதுவும் நம் முகத்தைப் பார்த்து. வேண்டாம் என்றால் கடையை மாற்றிக்கொள்ளலாம். அவர் நம் வீட்டு ஜன்னலில் நின்று டிவியைப் பார்த்து அதைக் குறித்துவைத்து வெளியாளுக்கு விற்பதில்லை. 1987இல் ராபர்ட் போர்க் என்பவர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக முன்மொழியப்பட்டபோது, அவர் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட் பட்டியலை ஒரு பத்திரிகை வெளியிட்டது, கொதித்துப்போய் அடுத்த வருடமே அப்படிப்பட்ட பட்டியலைக் காக்கத் தனிச் சட்டம் போட்டார்கள். ஒருவர் எடுத்த கேசட்டுக்கே அவ்வளவு! இன்று அம்மா பார்க்கும் மருத்துவ வீடியோவுக்கு அதைவிடக் குறைவான மரியாதை ஏன் என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. விலை குறைவு என்று சொல்கிறீர்கள், சரி, ஆனால் அந்தப் பெரியம்மாவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே. முதல் நாள் டிவியை மாட்டியபோது மகன் ரிமோட்டில் அழுத்தியதுதான் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம் ஆகிவிட்டது.

டல்லாஸ்வாசி:
எல்லோருக்கும் நன்றி. தேடிப் பார்த்தேன், இருந்தது, நான்தான் முதல் நாளே எல்லாவற்றுக்கும் ஓகே கொடுத்திருக்கிறேன். அணைத்துவிட்டேன், வைஃபையும் எடுத்தாயிற்று, அம்மாவுக்கு ஸ்டிக் மட்டும் போதும். இப்போது இன்னொரு சந்தேகம், அந்த ஸ்டிக் அமேசானுடையது, அவர்களும் கடைக்காரர்கள்தானே?

நியூஜெர்சி_குமரன்:
ஆமாம், அவர்களும் கடை வைத்திருக்கிறார்கள், விளம்பரமும் விற்கிறார்கள், 2021இலிருந்து சொந்தப் பெயரிலேயே டிவியும் விற்கிறார்கள். ஸ்டிக்கின் அமைப்புகளில் பிரைவசி பகுதிக்குப் போய், விளம்பரத்துக்கும் ஆப் பயன்பாட்டுத் தகவலுக்கும் இருக்கும் சுவிட்சுகளை அணையுங்கள். அப்புறம் அந்த சூப்பர் மார்க்கெட் ஆப்பிலும் ஒருமுறை பாருங்கள், அம்மாவின் மாத்திரையையோ சர்க்கரை பார்க்கும் பட்டையையோ உங்கள் கணக்கில் வாங்கியிருந்தால் விளம்பரம் அங்கிருந்தே வந்திருக்கலாம்.

டல்லாஸ்வாசி:
பட்டை வாங்கினேன், இரண்டு முறை. போன் நம்பர் கொடுத்துத்தான் வாங்கினேன்.