உதவி: மணிக்கூட்டுக் கண்ணாடிக்குள்ள ஆவி பிடிச்சிருக்கு

கரைச்சிப்பெடியன்: அண்ணையள், அவசரம். பெரியப்பான்ர டைவிங் மணிக்கூட்டுக்குள்ள நேற்றுப் பின்னேரத்தில இருந்து ஆவி. 200 மீற்றர் எண்டு டயலிலயே கிடக்கு, பிறகெப்பிடித் தண்ணி போகும்? என்ன செய்ய?

முறிகண்டிவாசி: என்ன மேக்? உப்புத் தண்ணியோ நல்ல தண்ணியோ?

நந்திக்கடலான்: நனையேக்க சாவியை, பக்கத்தில கிடக்கிற திருகுக் குமிழை, திருகிப் பூட்டியிருந்தனீரோ? அதைச் சொல்லும் முதல்.

வயல்வெளி: அரிசிப் பானைக்குள்ள ரெண்டு நாள் வையும் தம்பி. என்ர போன் அப்பிடித்தான் பிழைச்சது.

பழசுப்பிரியன்: அரிசிக் கதையை விடுங்கோ. எத்தினை தரம் எழுதிப்போட்டன், ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. மூடின கேசுக்குள்ள கிடக்கிற ஈரத்தை அரிசி இழுக்காது. தம்பி, 200 மீற்றர் எண்டது புதுசா வரேக்க இருந்த கணக்கு. தண்ணியை மறிக்கிறது பின்மூடியிலயும் சாவியிலயும் இருக்கிற றப்பர் வாசர். அது பழுதானால் வாளித் தண்ணியும் உள்ள போகும். செயினைக் கழட்டி, 12 மணிப் பக்கம் செயின் மாட்டுற காதுகளுக்கு நடுவில என்ன இலக்கம் வெட்டியிருக்கு எண்டு பாரும்.

கரைச்சிப்பெடியன்: 5513. றோலெக்ஸ் சப்மரைனர். பெரியப்பா கப்பலில நிண்ட காலத்தில வாங்கினது. இரணைமடு வாய்க்காலில குளிச்சனான், சாவி பூட்டினதோ ஞாபகமில்லை. ஒரு கடையில காட்டினன். இருட்டில வெளிச்சமில்லை, புது டயலும் முள்ளும் போட்டு, பொலிஷ் பண்ணித் தாறம் எண்டினம்.

பழசுப்பிரியன்: ஐயோ, வேண்டாம்! 6 மணிக்குக் கீழ பொடி எழுத்தில "ரீ<25" எண்டு கிடக்கும். அது ட்ரிற்றியம், இருட்டில ஒளிர வைக்கிற கதிரியக்கப் பொருள், 12 வருசத்துக்கொருக்கால் பாதியாகும். வெளிச்சம் போனது வயசு, பழுதில்லை. டயலையும் முள்ளையும் மாத்தினால் பெறுமதியே போச்சு. காதுகளைத் தேய்க்க விடாதையும், தேய்ஞ்ச இரும்பு திரும்பி வராது. சாவி குடுக்காதையும், வெயிலில வைக்காதையும். திறந்து காயவைக்கத் தெரிஞ்ச ஆளிட்ட நாளைக்கே கொண்டுபோம். கறள் பிடிக்கக் கனநாள் எடாது.

முறிகண்டிவாசி: நான் கண்ணாடியைத்தான் சந்தேகப்படுறன். 5513க்கு அக்ரிலிக், ஒரு வகைப் பிளாஸ்ரிக். விளிம்பில மயிர்க்கீறலா வெடிச்சிருக்கும், நகத்தால தடவிப் பாரும்.

நந்திக்கடலான்: இதுக்குத்தான் புதுசு வாங்கச் சொல்லுறது. இப்பத்தையது 300 மீற்றர், சஃபையர் கண்ணாடி, செராமிக் வளையம். தண்ணிக்கெண்டு செய்ததைத் தண்ணிக்குப் பயந்து கட்டுறதோ?

வயல்வெளி: சஃபையர் லேசில கீறாது, ஆனால் சீமெந்தில விழுந்தால் சிதறும். அக்ரிலிக் கீறினால் பற்பசை போட்டுத் தேய்க்க மினுங்கும்.

நந்திக்கடலான்: அதுக்காக ஆரும் பிளாஸ்ரிக்கைத் தேடி வாங்குவினமோ?

பழசுப்பிரியன்: வாங்குவினம். அந்தக் குவிஞ்ச விளிம்பில வெளிச்சம் வளையிறதைக் கையில கட்டிப் பாத்தவனுக்குத்தான் தெரியும்.

முறிகண்டிவாசி: சண்டையை விடுங்கோ. தம்பி, என்னாச்சு?

கரைச்சிப்பெடியன் (6 நாளுக்குப் பிறகு): யாழ்ப்பாணத்தில ஒரு ஐயா திறந்து பாத்தவர். பின்மூடி வாசர் தார் மாதிரி உருகி ஒட்டிக்கிடந்தது. சாவித் தண்டில மட்டும் கொஞ்சம் கறள். வாசர் எல்லாம் மாத்தி, அமுக்கம் பாத்துத் தந்தவர். டயலைத் தொடேல்லை. கண்ணாடியில வெடிப்பும் இல்லை. இனிக் குளிக்கேக்க கழட்டி வைப்பன். நன்றி அண்ணையள்.