ஓயெடோ லைனில் அம்மாவை அழைத்துப்போக யோசனை வேண்டும்

டோக்கியோவில் இருக்கும் நண்பர்களே, ஒரு உதவி. அடுத்த மாதம் ஊரிலிருந்து அம்மா வருகிறார். முழங்கால் தேய்மானம், படி ஏற முடியாது, எஸ்கலேட்டரில் கால் வைக்கவும் பயம். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார்.

எங்கள் வீடு நெரிமா பகுதியில், ஓயெடோ லைன் என்ற சுரங்க ரயில் பாதையின் பக்கம். 2000-இல்தான் முழுதாகத் திறந்தார்கள் என்பதால் பல இடங்களில் பழைய சுரங்கங்களுக்கும் கீழே ஓடுகிறது. ரொப்போங்கி நிலையத்தில் ஒரு நடைமேடை தரையிலிருந்து 42 மீட்டர் ஆழம்! அங்கே லிஃப்டிலேயே மேலே வர எந்த வாசல் சரி? கடைசியில் படி எதுவும் இருக்கக் கூடாது.

அப்புறம் உவேனோ பகுதிக்குப் போவது பற்றி. இந்த லைன் 6 என்ற எண் போல வளைந்திருப்பதால், எங்கள் பக்க முனையான ஹிகாரிகாவோகாவிலிருந்து வரும் ரயில் ரொப்போங்கி வழியாகச் சுற்றித்தான் அங்குள்ள உவேனோ-ஒகாச்சிமாச்சி நிலையத்துக்குப் போகும். வளையம் தொடங்கும் தோச்சோமாயே நிலையத்தில் வேறு ரயிலுக்கு மாறினால் சீக்கிரம் போகலாம். ஆனால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்தால் மாறாமல் சுற்றிப் போவதே மேல் என்று நினைக்கிறேன். பெட்டிகள் சிறியவை, சத்தமும் அதிகம். அவ்வளவு நேரம் தாங்குவாரா?

பெற்றோரை இப்படி அழைத்துப் போனவர்கள், கூட்டம் குறைந்த நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரொம்ப நன்றியாக இருக்கும்.