புதுப்பிப்பு: கென்டக்கிக்குப் போன மூதாதையர்

முன்பு கேட்டது இதுதான்: என் கணவரின் மூதாதையர் ஒருவர் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலிருந்து கென்டக்கிக்குக் குடிபெயர்ந்தவர். கென்டக்கியின் 1790, 1800 மக்கள்தொகைக் கணக்கு மிஞ்சவில்லை. ஒரே கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அதே பெயரில் இரண்டு பேர். நம்மவர் யார்?

வரிப்பட்டியலைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. குதிரை, மாடு, ஏக்கர் கணக்கோடு, நிலம் எந்த ஓடையோரம், முதலில் யார் பெயரில் பதிவானது என்பதும் அதில் இருக்கிறது. இருவருக்கும் வேறு வேறு ஓடை. ஓடையைப் பிடித்துக்கொண்டு வருடம் வருடமாக வந்தால் ஆள் குழம்புவதில்லை. எழுத்தரின் கையெழுத்துதான் கோழிக் கிறுக்கல்!

அப்புறம் 1832 ஓய்வூதியச் சட்டம். அமெரிக்கப் புரட்சிப் போரில் (பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போர்) பணியாற்றிய முதியவர்கள் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, பிறந்த இடம், பின்னால் குடியிருந்த இடங்கள் எல்லாம் சொன்னார்கள். நம்மவர் வாக்குமூலமும் கிடைத்துவிட்டது: பிறப்பு வர்ஜீனியாவின் கல்பெப்பர் கவுண்டி, கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. பிறந்த வருடம் மட்டும் வீட்டுப் பிறப்புகளை எழுதிவைத்த குடும்ப பைபிளோடு ஒத்துப்போகவில்லை. எனக்கு பைபிள் மேல்தான் சந்தேகம்; மூன்று தலைமுறைப் பிறப்பும் ஒரே மையில், ஒரே கையால் எழுதியிருக்கிறது, பின்னால் மொத்தமாக எழுதியது போல. அடுத்து கல்பெப்பர் உயில் பதிவேடுகள்.