முக்குவர் சட்டம்: பழைய நூலும் தீர்ப்புகளும் தேவை

வணக்கம் உறவுகளே, மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். சட்டம் படிக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் முன்பு சொத்துரிமையைத் தீர்மானித்த முக்குவர் சமூகத்தின் வழமைச் சட்டமான முக்குவர் சட்டம்தான் என் ஆய்வுக் கட்டுரைக்கான தலைப்பு.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை இன்றும் நடைமுறையில் இருப்பதால் அதற்கு நூல், தீர்ப்பு எல்லாம் எளிதாகக் கிடைக்கின்றன. தாய்வழியில் சொத்து இறங்கிய எங்கள் வழமைக்கு அப்படி இல்லை. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு அது மெல்ல மங்கிவிட்டது. எனவே எனக்குத் தேவையானவை பெரும்பாலும் அதற்கு முந்தியவை.

நியூ லோ ரிப்போர்ட்ஸ் என்ற தீர்ப்புத் தொகுதிகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம், அது பெரிய உதவி. ஆனால் அந்தத் தொகுதிகள் பிந்திய காலத்தவை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொகுத்த பழைய உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும், பிரிட்டோ 1876 இல் வெளியிட்ட முக்குவர் சட்ட நூலும்தான் வேண்டும்.

கொழும்பில் சட்டக் கல்லூரி நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள், வெளியாருக்கு அங்கே அனுமதி உண்டா, பக்கங்களை நகல் எடுக்க விடுவார்களா என்று சொல்லுங்கள். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் மூத்த சட்டத்தரணிகளின் வீட்டு அலுமாரிகளில் இவை இருக்கக்கூடும். புத்தகத்தை வெளியே தர வேண்டாம், உங்கள் வீட்டிலேயே இருந்து படம் எடுத்துக்கொள்கிறேன். பழைய காணி உறுதி, குடிவழிக் குறிப்பு இருந்தாலும் தயவுசெய்து உள்பெட்டியில் எழுதுங்கள்.