ஓய்வுநாள்: ஞாயிறு ஆராதனைக்குப் போனால் போதுமா?

கேள்வி:
ஸ்தோத்திரம். ஆராதனை முடிந்ததும் கடை, கணக்கு, சமையல் என்று நாள் ஓடிவிடுகிறது. ஓய்வுநாளின் ஆவிக்குரிய அர்த்தம் என்ன? வீட்டில் எப்படி ஆசரிப்பது?

பதில் 1:
பிரதர், ஓய்வுநாளை ஆசரி என்ற கட்டளைக்கு வேதம் இரண்டு காரணம் சொல்கிறது. யாத்திராகமம் 20-ல் படைப்பு. தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5-ல் விடுதலை. எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை என்கிறது. அடிமைக்கு ஏது லீவு? வேலையை நிறுத்துவதே, நம்மைப் போஷிப்பவர் கர்த்தர் என்ற விசுவாச அறிக்கை. வனாந்தரத்தில் தேவன் இஸ்ரவேலருக்குக் கொடுத்த உணவாகிய மன்னாவைப் பாருங்கள்: தினமும் தலைக்கு 1 ஓமர் (அக்கால அளவு), ஆறாம் நாளில் 2. மற்ற நாளில் மீத்து வைத்தது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு வைத்தது கெடவில்லை.

பதில் 2:
நடைமுறையும் அந்த மன்னா சம்பவத்திலேயே இருக்கிறது: ஆயத்தம் முந்தின நாள். சனி மாலைக்குள் சந்தை, துணி தேய்ப்பது, மறுநாள் குழம்பு எல்லாம் முடியட்டும். ஞாயிறு சோறு வடித்தால் போதும். சறுக்குவது எங்கே தெரியுமா? ஆண்கள் சாய்ந்திருக்க, அம்மா மட்டும் பிரியாணி அடுப்பின் முன் நிற்பார். வேலைக்காரியும் "உன்னைப்போல" இளைப்பாற வேண்டும் என்கிறது உபாகமம் 5:14. வீட்டுவேலைக்கு வரும் அக்காவுக்கும் அன்று லீவு கொடுங்கள், சம்பளம் பிடிக்காமல்.

பதில் 3:
சனியா ஞாயிறா என்று சண்டை வேண்டாம். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவ சபையினர் வெள்ளி அஸ்தமனம் முதல் சனி அஸ்தமனம் வரை ஆசரிக்கிறார்கள். பெரும்பாலான சபைகள் இயேசு உயிர்த்தெழுந்த ஞாயிறை ஆசரிக்கின்றன. நாளை வைத்துக் குற்றப்படுத்த கொலோசெயர் 2:16 இடம் தரவில்லை. சூம்பின கையை இயேசு குணமாக்கியது ஓய்வுநாளில்தான். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போவது மீறுதல் ஆகாது.