பன்றிக்காய்ச்சல் ஒன்றா, இரண்டா? (கலைச்சொல் உதவி தேவை)

காரைக்குடி, கால்நடை மருத்துவர்:

அன்பர்களே, பள்ளத்தூர்ப் பக்கம் நடக்கும் கால்நடை முகாமுக்குத் துண்டறிக்கை எழுதுகிறேன். வியாழக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். 2009இல் உலகெங்கும் மனிதர்களுக்குப் பரவிய எச்1என்1-ஐப் பன்றிக்காய்ச்சல் என்றோம். பன்றிகளைக் கூண்டோடு சாய்க்கிற ஆப்பிரிக்க நோய்க்கும் அதே பெயர்தான். முன்னது இன்ஃப்ளூயன்சா வைரஸால் வருவது, பின்னது இன்ஃப்ளூயன்சாவே அல்ல. வேறு வைரஸ், மனிதருக்குத் தொற்றாது. பன்றி வளர்ப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயப்படுகிறார்கள். இன்ஃப்ளூயன்சாவுக்கென்று ஒரு சொல் தாருங்கள். அதன் ஏ, பி, சி, டி வகைகளுக்கும் சேர்த்து.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, காய்ச்சல் பொதுச்சொல். கூன்பாண்டியனுக்குச் சம்பந்தர் தீர்த்தது வெப்புநோய். அதிலிருந்து 'சளிவெப்பு' என்று ஆக்கிக்கொள்ளலாம். சுரம் என்பது ஜ்வரத்தின் திரிபு என்பார்கள். எனக்கு நெடுநாளாக ஐயம். பொருள் தேடிப் போகும் தலைவன் கடக்கிற பாலைவழியும் சுரம்தானே? அங்கும் வெம்மை, இங்கும் வெம்மை. கொண்டுவிற்கப் போன நம் செட்டிமக்கள் நடந்த வழியும் சுரமே. ஆகவே வடமொழிதான் நம்மிடம்...

கண்டனூர், செவிலியர்:

ஐயா, பர்மா வரைக்கும் போய்விட்டீர்கள், துண்டறிக்கை இன்னும் பள்ளத்தூரே போகவில்லை. சளிவெப்பு என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'தடுமன் காய்ச்சல்' எனலாமென்று முதலில் தோன்றியது. ஆனால் வெறும் தடுமனில் உடம்பை அடித்துப்போட்டாற்போல் வலிக்காது, அந்த வித்தியாசத்தைத்தான் சனங்களுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. ஃப்ளூ என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும்.

கல்லல், கணினிக்காரர்:

வகைகளுக்கு ஏ, பி எதற்கு? அ, ஆ, இ, ஈ போதுமே.

காரைக்குடி:

அண்ணே, அங்கேதான் இடிக்கிறது. பி வகை பெரும்பாலும் மனிதருக்கு வருவது, கடல்நாய்களிடமும் கண்டிருக்கிறார்கள். அதை 'ஆ வகை' என்றால் பசுவுக்கு வருவது என்று படிப்பார்கள். உண்மையில் மாட்டை இருப்பிடமாகக் கொண்டது டி. அது 'ஈ வகை' ஆகிவிடும். ஈ மொய்த்துப் பரவுகிறது என்று தொழுவம் முழுக்க மருந்தடிப்பார்கள்!

தேவகோட்டை:

ஆகா! அப்படியானால் உயிரினத்தால் பெயர் வைப்போம். மாந்தவெப்பு, புள்வெப்பு, ஆவெப்பு.

காரைக்குடி:

அதுவும் நிற்காது ஐயா. ஏ வகைக்குக் காட்டு நீர்ப்பறவைகள்தாம் தாய்வீடு. அங்கிருந்து கோழி, பன்றி, குதிரை, நாய், மனிதர் என்று இடம் மாறும். பறவையின் வைரஸும் மனிதரின் வைரஸும் ஒரே பன்றிக்குள் புகுந்தால் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொண்டு புதிதாக ஒன்று கிளம்பலாம். 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளுக்குப் பறவைக்காய்ச்சல் வைரஸான எச்5என்1 வந்தது. அது புள்வெப்பா, ஆவெப்பா? மாட்டிடம் இருந்தாலும் அது டி இல்லை, ஏ. சி வகை மனிதருக்கும் பன்றிக்கும் வருவது, பெரும்பாலும் லேசானது. அதற்கு எந்த விலங்கின் பெயர்?

கல்லல்:

சரி, அப்போது எழுத்து மட்டும் ஏ, பி, சி, டி. வேறு வழியில்லை. கோழி வெள்ளைக்கழிச்சலையும் பறவைக்காய்ச்சல் என்று குழப்பிக்கொள்கிறார்கள், அதற்கும் ஒரு வரி போடுங்கள்.

காரைக்குடி:

போடுகிறேன். முடிவாக: நோய்க்கு 'ஃப்ளூ காய்ச்சல்', 2009இன் நோய்க்குப் 'பன்றி ஃப்ளூ', மற்றதை எங்கு எழுதினாலும் 'ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல்' என்று முழுதாக. மூவர் சம்மதம், ஒருவர் மறுப்பு.

தேவகோட்டை:

மறுப்பு அப்படியே நிற்கட்டும். ஆய்தம் சொல்லின் முதலில் வராது, அதன்பின் ஒரு மெய் வேறு! புளூ என்றாவது எழுதுங்கள்.

கண்டனூர்:

நீலக் காய்ச்சல் என்று படிப்பார்கள் ஐயா.

தேவகோட்டை:

ஆய்தத்துக்குத் தனி இழை தொடங்குகிறேன்.