ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறும்போது வாட்ஸ்அப், தமிழ்த் தட்டச்சு, வங்கிச் செயலிகளை எப்படிக் கொண்டுபோவது?

நெசவுக்கிளி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சேலம் பக்கத்தில் இளம்பிள்ளை நெசவாளர்களிடம் சேலைகளை வாங்கி, வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப் வழியாக விற்று வருகிறேன். ஸ்மார்ட்ஃபோன் கைக்கு வந்த நாள் முதல் ஆண்ட்ராய்டைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி அண்மையில் ஊருக்கு வந்தபோது 128 ஜிபி ஐபோன் 15 ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. தொழில் முழுவதும் பழைய கைபேசிக்குள்தான் இருக்கிறது என்பதால், எதைத் தொட்டால் எது போய்விடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

யார் எந்த நிறம் கேட்டார், யாருக்கு எந்த முகவரி, யார் முன்பணம் தந்தார் என்பதெல்லாம் வாட்ஸ்அப் உரையாடல்களில்தான் உள்ளன; அது மட்டுமே 38 ஜிபி இடத்தைப் பிடித்திருக்கிறது. கூகுள் டிரைவில் பேக்கப் எடுத்து வைத்திருப்பதால், ஐபோனில் அதே எண்ணைப் போட்டு உள்ளே நுழைந்தால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று விசாரித்த கடையில் சொன்னார்கள். அது சரிதானா?

இரண்டாவதாக, சேலை விவரங்களை நாள் முழுவதும் தமிழில் தட்டச்சு செய்கிறேன். தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் பழகிய விரல்கள் வேறு முறைக்கு மாறா. மூன்றாவதாக, என்னிடம் இரண்டு சிம்கள் இருக்கின்றன. ஒன்றில் வாட்ஸ்அப், மற்றொன்றில் வங்கிக் கணக்கும் யுபிஐயும். இவற்றை எந்த வரிசையில் மாற்றுவது என்று, இதே பாதையில் போனவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

வடவாறு எழுதியது:

வணக்கம் அம்மா. பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பது மிகவும் நல்லதாயிற்று. அதை அப்படியே வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

கடையில் சொன்னது சரியன்று. ஆண்ட்ராய்டில் உள்ள வாட்ஸ்அப் தன் பேக்கப்பைக் கூகுள் டிரைவிலும், ஐபோனில் உள்ள வாட்ஸ்அப் ஆப்பிளின் ஐகிளவுடிலும் வைக்கின்றன. ஒன்று வைத்ததை மற்றொன்று எடுத்துப் படிக்காது. ஆகவே, ஐபோனில் நேரே வாட்ஸ்அப்பை நிறுவி எண்ணைப் பதிந்தால், குழுக்களின் பெயர்கள் வரும், பழைய உரையாடல் ஒரு வரிகூட வராது. சரியான வழி, ஆப்பிள் நிறுவனம் 2015இல் பிளே ஸ்டோரில் வெளியிட்ட 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலி. வாட்ஸ்அப் உரையாடல்களையும் கொண்டுபோகும் வசதி அதில் 2022இல்தான் சேர்ந்தது. அதனால், இணையத்தில் கிடைக்கும் பழைய கட்டுரைகள் 'முடியாது' என்று சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

இந்தச் செயலி, ஐபோனை முதன்முதலில் இயக்கும்போது வரும் வரவேற்புத் திரைகளின் ஊடாகத்தான் வேலை செய்யும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் தாண்டி முகப்புத் திரைவரை போய்விட்டால், ஐபோனை முழுவதும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்க நேரிடும். அந்தத் திரைகளில் ஒன்று, பழைய தரவை எங்கிருந்து கொண்டுவர வேண்டும் என்று கேட்கும். அங்கே ஆண்ட்ராய்டைத் தேர்ந்தெடுத்தால் ஓர் எண் குறியீடு தோன்றும். அதைப் பழைய கைபேசியிலுள்ள செயலியில் உள்ளிட்டதும், ஐபோன் தற்காலிகமாக உருவாக்கும் வைஃபையில் அது இணைந்துகொள்ளும். எவற்றை அனுப்பலாம் என்ற பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுத்தால், வாட்ஸ்அப் தானே திறந்து தரவைக் கட்டித் தயார்செய்யும். அது முடிந்ததும் பழைய கைபேசியில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். அதைக் கண்டு பதற வேண்டாம், அப்படித்தான் நடக்க வேண்டும்.

38 ஜிபியை அனுப்பப் பல மணி நேரம் ஆகலாம். அவ்வளவு நேரமும் இரண்டு கைபேசிகளும் மின்னூட்டத்தில் இருக்கட்டும். பழைய கைபேசியில் அந்தச் செயலி திரையில் திறந்தபடியே இருக்கட்டும். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் இணையம் இல்லாத வைஃபை என்று கருதி, கைபேசி ஐபோனுடனான இணைப்பைத் தானாகவே துண்டிப்பதுண்டு. பழைய கைபேசி 'முடிந்தது' என்று சொன்ன பிறகும் ஐபோனில் எவ்வளவு வந்திருக்கிறது என்று காட்டும் கோடு ஓடிக்கொண்டிருந்தால், அது ஓடி முடியும்வரை எதையும் தொடாதீர்கள். அதன்பிறகு ஆப் ஸ்டோரிலிருந்து வாட்ஸ்அப்பை நிறுவி, அதே எண்ணைப் பதிந்து, கேட்கும்போது தொடங்கச் சொன்னால் உரையாடல்கள் இறங்கும். எண் மாறினால் இறங்காது.

பழைய கைபேசியில் உள்ள பிரதி, நீங்களாக அழிக்கும்வரை அங்கேயே இருக்கும் என்பது ஆறுதலான செய்தி. அழைப்புப் பட்டியலும், வாட்ஸ்அப்பிலேயே பணம் அனுப்பிய செய்திகளும் மட்டும் வந்து சேரா. வாடிக்கையாளர் யாரேனும் அவ்வழியில் முன்பணம் தந்திருந்தால், அவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

மாறுவதற்கு முன் வாட்ஸ்அப்பின் சேமிப்பக மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து, விற்று முடிந்த சேலைகளின் காணொளிகளையும் குழுக்களில் குவிந்த காலை வணக்கப் படங்களையும் நீக்கிவிடுங்கள். வேலை பாதியாகக் குறையும்.

சொல்லேர் எழுதியது:

தமிழ்த் தட்டச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த அச்சத்தாலேயே ஐபோனை ஒதுக்கிய பலரை அறிவேன். அந்த அச்சத்துக்கு இப்போது இடமில்லை. 2013இல் வந்த ஐஓஎஸ் 7 என்ற ஐபோன் இயங்குதளப் பதிப்பு முதல், தமிழ்99, ஆங்கில எழுத்துகளில் ஒலிப்படி தட்டும் அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் ஐபோனுக்குள்ளேயே இருக்கின்றன. மலேசியாவைச் சேர்ந்த கணினித் தமிழ் வல்லுநர் முத்து நெடுமாறன் பல்லாண்டுகளாகச் செய்த பணியின் பயன் அது. அமைப்புகளில் 'பொது' என்ற பகுதிக்குள் சென்று, விசைப்பலகைகளில் புதியதாகத் தமிழைச் சேர்த்தால், எந்த வகை வேண்டும் என்று கேட்கும். தமிழ்99ஐத் தேர்ந்தெடுங்கள். தட்டும்போது உருண்டை வடிவ விசையைத் தொட்டால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.

உங்கள் விரல்கள் பழகிய இடங்களிலேயே எழுத்துகள் இருக்கும். உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். 'பட்டு' என்று எழுத ப, ட, ட, உ என்று தட்டினால் புள்ளி தானே விழும். ஆண்ட்ராய்டில் செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியைப் பயன்படுத்தியிருந்தால் அது ஐபோனுக்கும் உண்டு. ஆயினும் முதலில் உள்ளமைந்த விசைப்பலகையிலேயே பழகிப் பார்க்குமாறு சொல்வேன். கடவுச்சொல் கட்டங்களில் வெளியார் விசைப்பலகைகளை ஐபோன் அனுமதிக்காது. அங்கே போகும்போதெல்லாம் விசைப்பலகை தானாக மாறி உங்களைத் தடுமாற வைக்கும்.

ஆண்ட்ராய்டு விசைப்பலகை உங்களிடமிருந்து கற்றுக்கொண்ட சொற்கள் உடன் வரமாட்டா. அதற்கு ஈடாக, ஐபோனின் விசைப்பலகை அமைப்புகளில் உரை மாற்றீடு என்றொரு வசதி இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 'முக' என்று தட்டினால் 'தங்கள் முழு முகவரியையும் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் அனுப்பி வையுங்கள்' என்ற முழு வரியும் வருமாறு ஒருமுறை எழுதி வைத்தால் போதும். அன்றாடம் ஒரே வரிகளை நூறு பேருக்கு எழுதும் உங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வசதி வேறில்லை என்பது என் துணிபு.

கணக்கதிகாரம் எழுதியது:

நெசவுக்கிளி அவர்களே, வரிசையைக் கேட்டீர்கள். என் பார்வையில் உங்கள் கேள்வியின் உயிர்நாடியே அதுதான்.

உங்கள் ஐபோனில் ஒரு நானோ சிம்முக்கு மட்டுமே இடம் உண்டு. இரண்டாவது எண்ணை இ-சிம்மாக, அதாவது அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதியும் சிம்மாக, மாற்றியாக வேண்டும். எந்த எண்ணை மாற்றுவது என்பதில் அவசரம் கூடாது. சிம் மாற்றப்பட்ட எண்ணில் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வரவும் கூடாது போகவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022 நவம்பரில் உத்தரவிட்டது. பிறர் பெயரில் சிம் வாங்கி வங்கிப் பணத்தைத் திருடுவோரைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் வங்கி எண்ணை இ-சிம்மாக மாற்றினால், அந்த ஒரு நாள் முழுவதும் யுபிஐயைப் பதியவே இயலாது, ஏனென்றால் யுபிஐ பதிவு என்பதே உங்கள் எண்ணிலிருந்து வங்கிக்குப் போகும் ஒரு குறுஞ்செய்திதான். ஆகவே வங்கி எண்ணைப் பழைய அட்டையாகவே வைத்துக்கொண்டு, அதை ஐபோனுக்குள் போடுங்கள். ஐபோன் பழுதடைந்தாலும் அட்டையைக் கழற்றி வேறு கைபேசியில் போட்டுவிடலாம் என்ற வசதியும் கிடைக்கும். வாட்ஸ்அப் எண்ணை இ-சிம்மாக்குங்கள், ஆனால் ஐபோனில் வாட்ஸ்அப் பதிவு முடிந்த பிறகு. சரிபார்ப்புக் குறியீடு பழைய கைபேசியில் இருக்கும் சிம்முக்கு வந்தாலும் போதும், அதைப் பார்த்து ஐபோனில் உள்ளிடலாம்.

யுபிஐ செயலியை ஐபோனில் பதியும்போது ஒரு வேறுபாட்டைக் காண்பீர்கள். ஆண்ட்ராய்டில் செயலியே குறுஞ்செய்தியை அனுப்பிவிடும். ஐபோன் அதற்கு இடங்கொடுப்பதில்லை. பொருள் விளங்காத எழுத்துகள் நிறைந்த ஒரு செய்தி திரையில் எழும்பி, நீங்கள் அனுப்பும் வரை காத்திருக்கும். அதில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அனுப்புங்கள். இரண்டு எண்கள் இருந்தால், எந்த எண்ணிலிருந்து போகிறது என்பதை அந்தத் திரையிலேயே பார்த்து, வங்கி எண்ணாக இருப்பதை உறுதிசெய்யுங்கள். அந்த எண்ணில் குறுஞ்செய்தி அனுப்பப் போதிய இருப்பும் வேண்டும். யுபிஐ பின் எண் பழையதேதான், புதிதாக ஒன்றை உருவாக்கத் தேவையில்லை.

புதிய கைபேசியில் பதிந்த தொடக்கத்தில், பணம் அனுப்பும் வரம்பு 5,000 ரூபாய் அளவுக்குச் சுருங்கும். ஐபோனில் இந்தக் கட்டுப்பாட்டுக் காலம் ஆண்ட்ராய்டைவிட நீண்டது. பணம் பெறுவதற்குத் தடையில்லை. நெசவாளர்களுக்குக் கூலியோ சரக்குப் பணமோ கொடுக்க வேண்டியிருந்தால், அதைக் கொடுத்து முடித்த பிறகு மாறுங்கள். அவர்களைக் காக்க வைப்பது நியாயமன்று.

மறுகரை எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. நான் எதிர்த்திசையில், ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வந்தவன் என்பதால், அவர்கள் தொடாத இரண்டைச் சொல்ல விரும்புகிறேன்.

ஐகிளவுடில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். கூகுள் கணக்கில் 15 ஜிபி. உங்கள் வாட்ஸ்அப்பைப் பாதியாகக் குறைத்தாலும் அந்த 5 ஜிபிக்குள் அது அடங்காது. ஆகவே மாறிய மறுநாளே, பேக்கப் எடுக்க இடமில்லை என்ற அறிவிப்பு வரத் தொடங்கும். அதைத் தள்ளிவிட்டுக்கொண்டே போகாதீர்கள். தொழிலின் பதிவேடே அதில் இருக்கும்போது, மாதக் கட்டணம் செலுத்திக் கூடுதல் இடம் வாங்குவதைத் தொழிற்செலவாகவே கொள்ள வேண்டும். கட்ட மனமில்லையென்றால் காணொளிகளைப் பேக்கப்பிலிருந்து விலக்கிவிடலாம். அப்போதும் முகவரிகளும் பேச்சும் காப்பாற்றப்படும்.

தொடர்பு எண்களைப் பொறுத்தவரை, சில சிம்மிலும் சில கைபேசியிலும் சில கூகுள் கணக்கிலுமாகச் சிதறிக் கிடப்பதுதான் வழக்கம். மாறுவதற்கு முன் அனைத்தையும் கூகுள் கணக்குக்கு நகர்த்தி, ஐபோனில் அந்தக் கணக்கைச் சேர்த்துத் தொடர்புகளை இயக்கினால் போதும். 'மூவ் டு ஐஓஎஸ்' பட்டியலில் தொடர்புகளைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் ஒரே பெயர் இருமுறை வராது. நாளைக்கு மீண்டும் ஆண்ட்ராய்டுக்குத் திரும்ப நேர்ந்தாலும் எண்கள் உங்கள் கையில் இருக்கும்.

அப்படித் திரும்பினால் ஐமெசேஜ் என்ற ஆப்பிளின் செய்திச் சேவையிலிருந்து உங்கள் எண்ணை விடுவித்துவிட்டுத்தான் சிம்மைக் கழற்ற வேண்டும். விடுவிக்காவிட்டால் ஐபோன் வைத்திருப்பவர்கள் உங்களுக்கு அனுப்பும் செய்திகள் உங்களை வந்து சேராமலே போகக்கூடும். இப்போது உங்களுக்கு இது தேவைப்படாது, ஆனாலும் புதிய வீட்டுக்குள் நுழையும்போதே வெளிவாசல் எங்கே என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நெசவுக்கிளி எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அந்த 24 மணி நேர விவரம் தெரியாமல் போயிருந்தால், நான் முதல் வேலையாக வங்கி எண்ணைத்தான் இ-சிம்மாக்கியிருப்பேன்.

நெசவாளர்களுக்குச் சனிக்கிழமை பணம் கொடுக்கும் வழக்கம். அதை முடித்துவிட்டு ஞாயிறு இரவு வாட்ஸ்அப்பை மாற்றி, மறுநாள் காலை யுபிஐயைப் பதிந்து, வாட்ஸ்அப் எண்ணை அதன்பின் இ-சிம்மாக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. சேலைப் படங்களை எடுத்துத் தருவதும் சில வேளை வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வதும் என் மாமியார்தான். அவர் பழைய கைபேசியிலேயே பழகியவர். ஐபோனுக்கு மாறிய பிறகும் அதே வாட்ஸ்அப் எண்ணைப் பழைய கைபேசியிலும் அவரால் பயன்படுத்த முடியுமா?

வடவாறு எழுதியது:

முடியும் அம்மா. ஒரே கணக்கை வேறு கைபேசிகளிலும் இணைத்துக்கொள்ளும் வசதியை வாட்ஸ்அப் 2023 முதல் தருகிறது. நான்கு கருவிகள்வரை இணைக்கலாம். ஐபோனில் உரையாடல்கள் முழுவதும் வந்துவிட்டனவா என்று, மிகப் பழைய வாடிக்கையாளர் சிலரின் உரையாடல்களையும் படங்களையும் திறந்து பார்த்து உறுதிசெய்த பிறகே இதைச் செய்யுங்கள். ஏனென்றால் பழைய கைபேசியில் இருக்கும் பிரதி அதுவரை உங்களுக்குக் காப்பு. உறுதியான பின், பழைய கைபேசியில் வாட்ஸ்அப்பைப் புதிதாக நிறுவி, எண்ணைக் கேட்கும் திரையிலேயே இருக்கும் பட்டியலில், ஏற்கெனவே உள்ள கணக்குடன் இணைப்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே தோன்றும் கியூஆர் குறியீட்டை ஐபோன் வாட்ஸ்அப்பின் இணைத்த கருவிகள் பகுதியிலிருந்து ஸ்கேன் செய்தால் முடிந்தது. எண்ணை நேரே உள்ளிட்டுப் பதிந்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் ஐபோனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். மாமியாரிடமும் இதை ஒருமுறை சொல்லி வையுங்கள்.

ஞாயிறு இரவு எங்கேனும் தடங்கினால் இங்கேயே எழுதுங்கள், விழித்திருப்பேன்.